பச்சை முட்டையும் மூடாத புண்ணும்

பச்சை முட்டை குடித்திருக்கிறீர்களா? சளி. வேறு சொல்லே கிடையாது, சளிதான். அதன் மேல் ஒரு கரண்டி நல்லெண்ணெய். பாதி தொண்டையில் இறங்கும், மீதி நாக்கைவிட்டுப் போகாது. உவ்வே! எழுதும்போதே குமட்டுகிறது.

எனக்குக் குடல்வால் வெடித்து, வயிற்றைக் கிழித்துத் தைத்திருந்தார்கள். தையலின் அடிப்பக்கம் மட்டும் மூடவே மாட்டேன் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. தினமும் சீழ், தினமும் பஞ்சு. "உடம்பில் புரதம் போதவில்லை. இப்படியே போனால் திறந்து மறுபடி தைக்கணும்" என்றார் டாக்டர். மறுபடி கத்தியா?

சேதி கேட்டதும் கிளம்பி வந்துவிட்டார் என் வீட்டுக்காரரின் அக்கா. கணவர் போனபின் சிங்கப்பூரின் இன்னொரு மூலையில், கிளமெண்டியில் தனியாக இருக்கிறவர். மார்சிலிங்கில் எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொண்டார். தேக்கா சந்தைக்குப் போய், கம்போங் கோழி என்கிற நாட்டுக்கோழியின் முட்டையாகத் தேடி வாங்குவார். பொழுது விடிந்தால் டம்ளரும் கையுமாக என் தலைமாட்டில் நிற்பார்.

"அவிச்சுக் குடுங்க அண்ணி, சாப்பிட்டுடறேன்."

"அவிச்சா சத்தெல்லாம் செத்துப்போயிடும். நீ வயசுக்கு வந்தப்ப உங்கம்மா குடுக்கலயா? கண்ண மூடிக்கிட்டு முழுங்கு!"

கொடுத்தார்தான். அப்போதும் வாந்திதான் எடுத்தேன். ஆனால் கத்தியை நினைத்து முழுங்கினேன். ஏப்பம் விட்டால் கவிச்சி. வயிறு உப்பிக்கொண்டு, பின்வழியாகப் போன காற்று இருக்கிறதே, சீ! லிஃப்டில் கூட ஏறிய சீனத் தாத்தா தன் மாடி வருமுன்பே இறங்கிக்கொண்டார். மானம் போனது. புண் மட்டும் அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் சாப்பாடு பற்றி ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் அனுப்பினார்கள். காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். முகம் சுளித்தாள். அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

முட்டையின் புரதம் நூல்கண்டு மாதிரி இறுகச் சுருண்டு கிடக்குமாம். சூடு பட்டால்தான் அந்தச் சிக்கு பிரியும். பிரிந்தால்தான் இரைப்பையின் அமிலமும், அங்கேயும் சிறுகுடலிலும் சுரக்கும் நொதிகளும் அதைச் சுலபமாக நறுக்கும். பொடிப்பொடியாக நறுக்கினால்தான் குடல் சுவர் இழுத்துக்கொள்ளும், ரத்தத்தில் ஏறும், புண்ணில் புதுச் சதை கட்டும். பச்சையாகப் போனால் நிறைய நறுக்கப்படாமலே பெருங்குடலுக்குப் போய்விடும். அங்கே கிருமிகளுக்கு விருந்து. அந்த நாற்றம் அவை போட்ட ஆட்டம்தான். அட கருமமே, இத்தனை நாளும் நான் முழுங்கித் தொலைத்தது கிருமிகளுக்கா!

வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினேன். அண்ணி எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். அன்றிலிருந்து அவித்த முட்டை, மீன், பருப்பு, தயிர். அவித்த முட்டை மட்டும் சந்தனமாகவா மணக்கும்? மூக்கைப் பொத்திக்கொண்டு மென்றேன். வாரங்கள் போகப் போகச் சீழ் நின்றது. ஓரங்கள் சிவந்து ஒட்டின. ஒருநாள் நர்ஸ் பஞ்சை எடுத்துவிட்டு, இனிமேல் கட்டே வேண்டாம் என்றார். கத்தியும் வேண்டாம்.

அன்று வீட்டில் சட்டையைத் தூக்கிக் காட்டினேன். அண்ணி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் கால்ல புண்ணு இப்படித்தான் மூடாம கெடந்துச்சு. காலையில டம்ளர், சாயங்காலம் டம்ளர். வேணாம் வேணாம்னு கும்பிட்டாரு. நான் விடல."

அவருக்குச் சர்க்கரை முற்றியிருந்தது. காலை வெட்டி எடுத்தும் பிழைக்கவில்லை.

"அது சக்கரையால அண்ணி. முட்டையால இல்ல" என்றேன். உண்மையும் அதுதான்.

"தெரியும்டி" என்றார். "ஆனா கடைசியா அவர் வாயில நான் ஊத்தினது அந்தச் சளியத்தானே."