பாறை கொண்டுவந்த நடுக்கம்

கல்குவாரியில் வெடி வைப்பவர் அவர். வெடிக்காரர் என்றால்தான் ஊருக்கே தெரியும். கூடப்பிறந்த உறவென்று மிச்சமிருந்தது ஒரே அக்கா. குவாரியிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணல்மேட்டில் இவர் வீடு. அக்கா வீடோ மலைக்கு அந்தப் பக்கம், எங்கோ பாறைமேல்.

"நீ வெடிச்சா எங்க வீடு ஆடுதுடா" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். "பக்கத்துல இருக்கற என் வீட்டுலயே டம்ளர் அசையலக்கா. உனக்குத் தலைசுத்தல்."

அன்றைக்கு, கால் ஒடிந்து சுவரோரம் கட்டிலில் படுத்திருந்த மாமாவைப் பார்க்க வந்தவரை அக்கா விடவில்லை. "இன்னைக்கு வெடிய உன் ஆளுங்க பாத்துக்கட்டும். நீ இங்கயே உக்காரு."

"இன்னும் ஒரு கால் மிச்சமிருக்கு மச்சான், பாத்து வெடிக்கச் சொல்லு" என்றார் மாமா.

தூரத்தில் எச்சரிக்கைச் சங்கு ஊதியது.  என்ன தோன்றியதோ, வெடிக்காரர் எழுந்து மாமாவோடு கட்டிலை நடுவீட்டுக்கு இழுத்தார்.

சத்தம் வருமுன்னே தரை உதறியது. சுவர் விரிந்து, மாமா தலை வைத்திருந்த இடத்தில் காரை பாளமாக விழுந்து நொறுங்கியது.

"இப்ப யாருக்குடா தலைசுத்தல்?" அக்கா விழுந்த காரையைக் காட்டிக் கேட்டாள்.

வெடிக்காரர் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். தன் வீட்டு மணல் விழுங்கிவிடும் அதிர்வை, இந்தப் பாறை சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இத்தனை நாள் தூரத்தை மட்டும் பார்த்தவர் தரையைப் பார்க்கவில்லை.

"வெடிமருந்தக் குறைக்கச் சொல்றேன்க்கா. சுவரு சரியாகற வரைக்கும் ரெண்டு பேரும் நம்ம வீட்டுல இருங்க."

"வெடிக்குப் பக்கத்துலயா?" என்று அலறினார் மாமா.

"அங்கதான் மாமா டம்ளர் அசையாது."