குவைத்துக்கு வராத ஏழு மணி

மேசையில் போன் ஒன்று கண்ணில் பட்டால் போதும், வைரவனின் இடது மணிக்கட்டு தானாகத் திரும்பும். திரையில் ஓடும் நேரத்தையும் கைக்கடிகாரத்தையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் வணக்கமே. குவைத்தின் ஃபஹாஹீலில் எண்ணெய்க் குத்தகைக் கம்பெனி ஒன்றின் போன்களையெல்லாம் பார்த்துக்கொண்டவர். திருப்பத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில், வீட்டின் முதல் பட்டதாரி. டீக் கணக்கில்கூடப் பெயருக்குப் பின்னால் பி.இ. போடாமல் கையெழுத்திட மாட்டார்.

அமெரிக்காவில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். 2007இல் அந்தத் தேதியை மார்ச்சின் முற்பகுதிக்கே இழுத்துவிட்டார்கள். எல்லா நாட்டுக் கிளைகளும் போன்களில் அதற்கேற்ற புது மென்பொருள் ஏற்ற வேண்டும் என்று ஹூஸ்டன் தலைமையகம் உத்தரவு போட்டது.

"சார், குவைத்துல கடிகாரத்த யாருமே மாத்துறதில்ல. இதப் போட்டா நம்ம போனும் சேர்ந்து குதிக்கும்."

மேலாளர் இராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். "எனக்கும் தெரியும் தம்பி. ரிப்போர்ட்டில எல்லா சைட்டும் பச்சை, எங்கட சைட் மட்டும் சிவப்பு. நீர் போடாட்டி விடும், நான் போடுறன்."

போட்டார்.

ஞாயிறு காலை எல்லாப் போனும் ஒரு மணி நேரம் முன்னே ஓடியது. வாசலில் அட்டை தேய்க்கும் மெஷினும் அவற்றோடு சேர்ந்தே ஓடியது. ஆறு மணிக்குச் சரியாகப் பஸ்ஸில் வந்து இறங்கிய அத்தனை பேருக்கும் ஏழு மணி என்று பதிந்து, 'லேட்' விழுந்தது. லேட் விழுந்தால் லீவு ரத்து என்பது அங்கே சட்டம். துப்புரவு வேலை பார்க்கும் சுஐபுக்கு மறுநாள் விமானம். ஊரில் மகளுக்கு நிக்காஹ்.

"தம்பி, நான் என்னைக்கும் வர்ற பஸ்ஸுலதான வந்தேன்?" என்றார் சுஐபு. கேட்டுக்கொண்டே கூட்டினார்.

லேட்டை ரத்து செய்யச் சொல்லி வைரவன் மேலாளர் அறைக்குள் போனார்.

"மெஷினில பதிஞ்சதை நான் என்னெண்டு மாத்திறது?"

"மாத்த வேணாம் சார்." மேசைப் போனை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அதில் ஒன்பது, சுவர்க் கடிகாரத்தில் எட்டு. "எட்டு மணி ஆபீசுக்கு நீங்க இப்பத்தான வந்து உக்காந்தீங்க? ஏப்ரல்ல உங்களுக்கும் லீவு இருக்குல்ல. சுஐபு லீவையும் அதையும் சேத்தே ரத்து பண்ணிருங்க."

இராஜரத்தினம் போனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "கலாஸ், முடிஞ்சுது. விடும்" என்று எல்லாருடைய லேட்டையும் அடித்தார்.

சுஐபு விமானம் ஏறினார். குளறுபடிக்கு ஹூஸ்டன் விளக்கம் கேட்டபோது, 'வைரவனின் கவனக்குறைவு' என்று மேலாளரிடமிருந்து பதில் போனது. அதிலும் பி.இ.யை விட்டுவிட்டார்கள். வைரவனின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

இப்போது சவூதியின் தம்மாமில் வேறொரு கம்பெனியின் போன்களைப் பார்த்துக்கொள்கிறார். மார்ச் வந்தால் அங்கேயும் அதே சுற்றறிக்கை வருகிறது. அதன் குறுக்கே 'இங்கு தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்திடுகிறார். பிறகு பி.இ.க்குக் கீழே, தாள் கிழிகிற மாதிரி, இரண்டு கோடு இழுக்கிறார்.