கேட்காமல் வரைந்த பதினொரு முகங்கள்

மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது இது. வாப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமையில் இரண்டு நாள் கரைத்தீவிலிருந்து புத்தளத்துக்கு டயலிசிஸுக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸில் போகும்போதே வாப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். தண்ணீர் அளந்து குடிக்கச் சொன்னால் யாருக்குத்தான் வராது? அவரை உள்ளே எடுத்தால் நாலு மணித்தியாலம் நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த வாங்கில்தான் வரையத் தொடங்கினேன். யாரிடமும் படித்ததில்லை. மூக்கு எப்படி, காது எப்படி என்று போனில் வீடியோ பார்த்து, கொப்பியில் பென்சிலால் கிறுக்குவேன். முதல் முகம் வாப்பாவுடையது. அது அவரைப் போல இல்லை. பிறகு எதிர் வாங்கில் இருந்தவர்களை வரைந்தேன். கையில் பிளாஸ்டர் ஒட்டிய பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர், கணவனின் செருப்பைப் பையில் வைத்துக் காவல் இருக்கும் பெண், இப்படி வாப்பாவோடு சேர்த்துப் பதினொரு பேர். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் முகத்தைச் சரி பண்ணிக்கொள்வார்கள், உண்மை போய்விடும் என்று எனக்குள் பெரிய கலைஞி போல ஒரு நினைப்பு.

அதில் எனக்கு நன்றாக வந்தது, மாம்புரியிலிருந்து வருவதால் மாம்புரி ராத்தா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு அக்காவின் முகம். ஐம்பது வயது இருக்கும். தனியாகவே வருவார். தன் முறை வரும்வரை சுவரில் தலையைச் சாய்த்து, வாய் திறந்தபடி தூங்குவார். வீங்கிய இமைகள், வறண்ட உதடு, எதையும் நான் விடவில்லை. பதினொரு படங்களையும் ‘டயலிசிஸ் வாங்கில் நான் கண்ட முகங்கள்’ என்று பேஸ்புக்கில் போட்டேன். முன்பின் தெரியாதவர்கள்கூடப் பாராட்டினார்கள். களைத்துப் போயிருந்த எனக்கு அது தெம்பாக இருந்தது.

அடுத்த கிழமை அந்த ராத்தா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினார்.

“தங்கச்சி, இது நான்தானே?”

“ஓம் ராத்தா,” என்றேன், சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. “என்ட மகளுக்குக் கலியாணம் பேசிட்டு இருக்கோம். எனக்கு இந்த வருத்தம் எண்டு அந்தப் பக்கத்துக்குச் சொல்லல்ல. மாப்பிள்ளைட சாச்சி இதைப் பார்த்துட்டு, இது உங்கட உம்மாதானே எண்டு மகளுக்கு அனுப்பியிருக்கா.”

சத்தம் போட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் எழும்பி வேறு வாங்கில் போய் உட்கார்ந்தார். உடனே பேஸ்புக்கிலிருந்து அந்தப் படத்தை அழித்தேன். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் பகிர்ந்திருந்தார்கள். அடுத்த முறை அவர் வரவில்லை. டயலிசிஸை வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டதாகத் தாதி சொன்னார்.

இரண்டு கிழமை பென்சிலைத் தொடவில்லை. பிறகு அவர் முகம் இருந்த தாளைக் கொப்பியிலிருந்து கிழித்து எடுத்துக்கொண்டு மாம்புரிக்குப் போனேன். வெங்காயப் பாத்திக்கு நடுவே வீடு. மகள் கதிரை போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளைப் பக்கத்துக்காரர் அதற்குப் பிறகு போன் எடுக்கவில்லை என்று ராத்தா சொன்னார்.

“மன்னிச்சிருங்க ராத்தா. கேட்டுட்டு வரைஞ்சிருக்கணும்.”

“கேட்டிருந்தா மாட்டேன் எண்டிருப்பேன். அவ்வளவுதான். அதைச் சொல்லவே நீங்க விடல்லயே.”

தாளை நீட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க,” என்றார். “அதான் எனக்குக் கவலை. நான் இவ்வளவு மோசமா ஆயிட்டேன் எண்டு எனக்கே தெரியாது.” மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க, வெயில்ல வந்திருக்கீங்க,” என்றார்.

திரும்பி வந்து மற்றப் பத்துப் பேரிடமும் ஒவ்வொருவராகப் போனேன். ஏழு பேர் “இருக்கட்டும் புள்ள” என்றார்கள். வாப்பாவும் அதில் ஒருவர். “இப்பதான் கேக்கத் தோணிச்சா?” என்று முறைத்துவிட்டுத்தான் சம்மதித்தார். ஒருவர் மவுத்தாகிவிட்டிருந்தார். அவருடைய மனைவி படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். செருப்புப் பை வைத்திருந்த பெண் வேண்டாம் என்று தாளைக் கேட்டு வாங்கிப் போனார். மாஸ்டர் மட்டும், “எனக்கு முன்னால அழிங்க,” என்றார். இறப்பரை எடுத்து அந்த வாங்கிலேயே அழித்தேன். முகத்தை அழிப்பது இவ்வளவு நேரம் எடுக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கண்ணை அழுத்தி வரைந்திருந்தேன், அது லேசில் போகவில்லை. அவர் கடைசிக் கோடு போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கை வலித்தது.

அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அந்த மகளுக்கு வேறு இடத்தில் நிக்காஹ் நடந்தது. இந்த முறை முதல் நாளே மகள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். ராத்தாவே எங்கள் நாளுக்குத் திரும்பி வந்தபோது இதைச் சொன்னார். இப்போது என்னோடு நன்றாகக் கதைப்பார், வாப்பாவின் சுகம் விசாரிப்பார்.

நான் இன்னும் வரைகிறேன், கேட்டுவிட்டு. கேட்டதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். படம் முன்னைப் போல் வருவதில்லை. பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள், நானும் கொப்பியை மூடிவிடுகிறேன். ஆனால் மாம்புரி ராத்தா களைத்துப்போய்ச் சுவரில் சாயும்போது, நான் பக்கத்தில் இருந்தால், முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டுதான் தூங்குகிறார். வேண்டுமென்றே செய்வதாகத் தெரியவில்லை, கை தானாகப் போகிறது. மன்னித்துவிட்ட ஒருவருக்குக்கூட நான் திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்று இருக்கிறது என்பதை ஒவ்வொரு கிழமையும் அந்த முக்காட்டைப் பார்த்துத்தான் நினைத்துக்கொள்கிறேன்.