மாமா பாடிய துறைமுகப் பாட்டு

அந்த உணவகத்தில் என் இடம் சுவரில் வெட்டிய ஒரு சதுரத் துவாரத்துக்குப் பின்னால் இருந்தது. சாப்பிட்டு முடித்த கோப்பைகளை அதன் வழியாகத்தான் உள்ளே தள்ளுவார்கள். நான் அவற்றைக் கழுவி அடுக்குவேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவில் ஒரு பிளாசாவின் மூலையில் இருந்த சின்ன யப்பானிய உணவகம் அது. துவாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சிறிய மேடையும், தொலைக்காட்சியும், லேசர் தட்டுப் போட்டுப் பாடுகிற கரோக்கி இயந்திரமும் இருந்தன. நான் வேலைக்குப் போன முதற்கிழமையில், மதியச் சாப்பாடு முடிந்து கடை பூட்டியிருந்த ஒரு பிற்பகலில், அந்தத் துவாரத்தால் ஒரு பெண்குரல் பாட்டாக வந்தது. கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டுத் தண்ணீரை நிறுத்தினேன்.

பாடியவர் கடையின் உரிமையாளர். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த யப்பானியப் பெண். வாடிக்கையாளர்கள் எல்லோரும் அவரை ‘மாமா’ என்றே அழைத்தார்கள். அவர்களின் நாட்டில் இப்படிக் கடை நடத்தும் பெண்களை அப்படித்தான் அழைப்பார்களாம். அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்த அண்ணை அங்கே சமையலுக்கு நின்றார். முதல் நாளே சொல்லிவிட்டார்.

“ஒரு பொம்பிளையை மாமா எண்டு கூப்பிட வாய் கூசும். பிறகு பழகியிடும். மனிசி நல்ல மனிசி.”

எனக்குப் பழகக் கனகாலம் எடுத்தது. நான் மாமா என்று அழைத்த ஒரே ஆள் என் மனைவியின் தகப்பன். ஒவ்வொரு முறையும் யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய வீடும், அந்த வீட்டில் கைக்குழந்தையோடு நான் விட்டுவந்த அவளும் நினைவுக்கு வந்தார்கள். என் அகதி வழக்கு முடிந்து, அவர்களைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பித்திருந்தேன். அந்த நேரத்தில்தான் யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் சண்டைக்குப் பயந்து கொட்டும் மழையில் இடம்பெயர்ந்த செய்தி வந்தது. அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஸ்காபரோவில் நாலைந்து பேர் இருந்த பேஸ்மென்ற் அறையில் ஆளுக்கொரு வேலை, ஆளுக்கொரு நேரம். ஒருவன் எழும்ப மற்றவன் படுப்பான். கதைக்க ஆள் இருக்காது.

மாமா, பெண்கள் பாடிய பழைய பாட்டுகளைத்தான் பாடுவார். எல்லாம் மெதுவான, துக்கமான பாட்டுகள். மாலையில் வருகிற கம்பனி ஆட்கள் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு புதுப் பாட்டுகளைக் கத்திப் பாடுவார்கள். மாமா அவர்களுக்குக் கை தட்டுவார், பானம் ஊற்றுவார். தனக்கான பாட்டைப் பிற்பகலில், ஆளில்லாத கதிரைகளைப் பார்த்துப் பாடுவார். அவற்றில் ஒன்றை நாள் தவறாமல் பாடினார். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது அதன் பொருளைக் கேட்டேன். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். அவர் கையால் நடித்துக் காட்டித்தான் சொன்னார். துறைமுகத்தில் ஒருத்தி நிற்கிறாள். அவளுடைய ஆள் கப்பலில் போகிறான். மழை பெய்கிறது. கையில் குடை இருந்தும் அவள் விரிக்கவில்லை. விரித்தால் அவனுக்கு அவளுடைய முகம் தெரியாமல் போய்விடும்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது யோசித்தேன். பாட்டில் கப்பலில் போகிறவனுக்கு ஒரு வரிகூட இல்லை. நான் அந்தப் போகிறவன். கரையில் நின்றவள் எப்படி இருப்பாள் என்று எனக்கு வேறு யாரும் சொல்லவில்லை. அதன்பின் நான் அந்தப் பாட்டைக் கவனித்துக் கேட்கத் தொடங்கினேன். ஒரு சொல்லும் விளங்காமலே முழுப்பாட்டும் மனப்பாடமாகிவிட்டது.

அடுத்த குளிர்காலத்தில் மாமாவின் குரல் கம்மத் தொடங்கியது. சளித் தடிமன் என்று நினைத்தோம். பிறகு தொண்டையில் கட்டி என்று வெட்டி எடுத்தார்கள். திரும்பி வந்தபோது அவரிடம் ஒரு கிசுகிசுப்புத்தான் மிஞ்சியிருந்தது.

“அவவுக்கு இனிப் பாட ஏலாதாம்,” என்றார் அண்ணை, வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டே. “டொக்டர் சொல்லிப்போட்டார். நீ உதைப் பற்றி ஒண்டும் கேட்டுப்போடாதை.”

நான் கேட்கவில்லை. ஆனால் பிற்பகல்கள் தாங்கமுடியாதவையாகிவிட்டன. யப்பானியக் கம்பனிகள் தங்கள் ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டிருந்த காலம் அது; கோப்பைகளும் குறைந்துவிட்டன. ஒருநாள் அண்ணை வெளியே போயிருந்தார். மாமாவும் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் தொட்டியடியில் நின்று அந்தப் பாட்டைப் பாடினேன். முதலில் வாய்க்குள். பிறகு வாய் திறந்தே.

பாதியில் நிமிர்ந்தபோது துவாரத்தில் மாமாவின் முகம் தெரிந்தது. நிறுத்தினேன். அவர் கையசைத்து வெளியே கூப்பிட்டார். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு போனேன். அவர் இயந்திரத்தில் தட்டைப் போட்டு, ஒலிவாங்கியை என் கையில் தந்துவிட்டு முன்வரிசைக் கதிரையில் போய் இருந்தார். திரையில் ஓடிய எழுத்துகளில் ஒன்றுகூட எனக்கு வாசிக்கத் தெரியாது. நான் அவரைப் பார்த்துப் பாடினேன். அவர் இழுத்த இடத்தில் இழுத்தேன்; மூச்சு எடுத்த இடத்தில் மூச்சு எடுத்தேன். கடைசி அடிக்கு முன்னால் ஒரு சொல்லில் அவருடைய குரல் உடைந்து, ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கும். அதையும் அப்படியே செய்தேன்.

மாமா கையை உயர்த்தினார். எழுந்து வந்து என் காதருகே சொன்னார். “அந்த உடைவு பாட்டில் இல்லை. அது என் தொண்டை.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அழகு என்று நினைத்து நான் ஒரு நோயைப் பாடமாக்கியிருந்தேன். மன்னிப்புக் கேட்டு, இனித் திருத்திப் பாடுகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். சிரித்தார், சத்தம் வரவில்லை.

“திருத்தாதே. நான் பாடியது இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.”

அதற்குப் பிறகு கடை விற்கும்வரை பிற்பகல்களில் நான் பாடினேன். மாமா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார். பாட்டு முடிந்ததும் நான் கோப்பைகளிடம் போவேன், அவர் கணக்குப் பார்க்கப் போவார். அவர் யாருக்காக அந்தப் பாட்டைப் பாடினார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடையை விற்றுவிட்டு வன்கூவரில் இருந்த தமக்கையிடம் போனார். வாங்கியவர்கள் மேடையை உடைத்து இரண்டு மேசை போட்டார்கள்.

மனைவியும் மகளும் கொழும்புக்கு வந்து சேர்ந்து, பிறகு இங்கே வந்தார்கள். பிக்கரிங்கில் வீடு எடுத்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிறந்தநாள் விழா ஒன்றுக்குப் போய்விட்டுக் காரில் வந்துகொண்டிருந்தோம்; நான்தான் ஓட்டினேன். அங்கே கரோக்கியில் தமிழ்ப்பாட்டுகள் பாடினார்கள். அதைப் பற்றிய பேச்சில் நான் மாமாவைப் பற்றிச் சொன்னேன். பாட்டின் பொருளையும் சொன்னேன்.

“நாங்களும் குடை இல்லாமல்தான் மழையிலை நிண்டனாங்கள்,” என்றாள் மனைவி. “ஆருக்கும் முகம் காட்டுறதுக்காக இல்லை. குடை இல்லாததாலை. பிள்ளையையும் தூக்கிக்கொண்டு நடந்ததிலை உங்களை நினைக்க எங்கையப்பா நேரம்? கொழும்புக்கு வந்து கதவைப் பூட்டிப்போட்டுப் படுத்த அண்டைக்குத்தான் உங்கட முகத்தை நினைச்சுப் பாத்தன். டக்கெண்டு வரேல்லை.”

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். என் முகம் அவளுக்கு வராமல் போயிருந்த அந்த நாட்களில் நான் பிற்பகல்தோறும் அவளாக நின்று பாடிக்கொண்டிருந்தேன்.

“இப்ப வருதோ?” என்று கேட்டேன்.

“ரோட்டைப் பாத்து ஓடுங்கோ,” என்றாள்.

மகள் பின்னால் நித்திரையாகிவிட்டாள். வீடு வந்ததும் அவளை எழுப்பாமல் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம்.