புள்ளடி போட்ட கல்

கொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒருவர் ஒரு குளத்தை மட்டும் விட்டுவைத்தால், அது இரக்கமா, தன் ஆசையா? வரதராசா அகப்பையைத் தண்ணீரில் சரிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வரும். அவருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, உங்கட நிழல் விழுது" என்பார்.

மலேரியாத் தடுப்பு வேலையில் பதினொரு வருடம். வத்தேகமவில் அவரும் நானும் ஒரே வீட்டில் அறை எடுத்திருக்கிறோம். தேத்தண்ணியை ஆறவைத்து மறந்துவிடுவார். சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. அகப்பைக்குள் எண்ணும்போது மூச்சை அடக்கிக்கொள்வார்.

வேலையின் விதி எளிது. ஒரு குளத்தில் பத்து அகப்பை அள்ள வேண்டும். நுளம்புக் குடம்பி, அதாவது கொசுப் புழு, இருந்தால் எண்ணெய் ஊற்றி, கரைக் கல்லில் வெள்ளைப் பெயின்றால் வட்டம். இல்லாவிட்டால் புள்ளடி, குறுக்கே இரண்டு கோடு. கீழே, தான் அடுத்து வந்து எண்ணும் தேதி. அவருடைய அறுபது குளங்களில் ஐம்பத்தொன்பதுக்கு வட்டம். தேயிலைத் தோட்டத்து எல்லையில், தொழிலாளர் லயத்துக்குக் கீழே கிடக்கும் சின்னக் குளத்துக்கு மட்டும் புள்ளடி.

காரணம் ஒரு வண்டு. பயற்றளவு, கறுப்பு, முதுகில் மஞ்சள் கீற்று. சிறகுக்கடியில் காற்றுக்குமிழ் ஒன்றைச் சுமந்துகொண்டு அடியில் நீந்தும், குடம்பிகளைத் தின்னும். வேறெங்கும் அவர் அதைக் கண்டதில்லை. கம்பஸிலிருந்து வந்து பார்த்த ஒருவரும் தங்கள் புத்தகங்களில் இல்லை என்றாராம்.

"குடம்பியும் மூச்செடுக்க மேல வரும், வண்டும் வரும். அந்த இடத்திலதான் நாங்கள் எண்ணெயை விரிக்கிறம்," என்றார் ஒருநாள். "பத்தில ஒரு குடம்பி வந்தால்?" என்று கேட்டேன். "ஊத்துவன்." நான் முழுதாக நம்பவில்லை.

லயத்து வீரம்மாவும் நம்புவதில்லை. எண்பத்து மூன்று கலவர ஆடியில், தமிழரைத் தேடி அடித்தபோது, அவரை மூன்று நாள் தன் காம்பராவில் ஒளித்து வைத்தவள் அவள். அந்த உரிமையில் பேசுவாள். "என்னங்க ஐயா, மாப்புள வண்டு சௌக்கியமா? எங்க புள்ளைகளுக்குக் காச்சல் வந்தா ஒங்களத்தான் கேப்பேன்."

"கேள் பிள்ளை. அதுக்குத்தானே கிழமைக்குக் கிழமை எண்ணுறன்."

கலவரம் முடிந்ததும் அவர் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு எழுதினார். மனைவி கமலாசனி அங்கே. ஒன்றரை வருடம் கழித்து, இந்த மாசியில், கடிதம் வந்தது: மார்ச் முதலாம் தேதி அங்கே வேலை ஏற்க வேண்டும்.

அவர் புறப்பட இருந்ததற்கு முந்திய வாரம், வியாழக்கிழமை, குளத்தில் பொலிஸ் நின்றது. யாரோ சொல்லியிருக்கிறார்கள்: எல்லாக் கல்லிலும் வட்டம், இதில் மட்டும் புள்ளடி, அதன் கீழே தேதி, குறி வைத்துப்போவது ஒரு தமிழன். உள்ளே ஆயுதம் ஒளித்திருக்குமென்று, பொறுப்பாக வந்த பொலிஸ் சாஜன் குளக்கட்டை வெட்டித் தண்ணீரை வடிக்கச் சொன்னார். லயத்திலிருந்து மண்வெட்டிகள் வந்தன. கூட நின்ற கான்ஸ்டபிள் ஜவாஹிர் அலவத்துகொடக்காரர், முகம் தெரிந்தவர். வரதராசா வண்டைப் பற்றிச் சிங்களத்தில் விளக்கினார். சாஜன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

வரதராசா சப்பாத்தைக் கழற்றினார். "வெட்டவேண்டாமெண்டு சொல்லுங்கோ தம்பி. நான் இறங்கிக் காலால தடவிக் காட்டுறன்."

"ஐயா, உள்ளுக்கு ஏதாச்சும் ஈந்தா, வெடிச்சா?" என்றார் ஜவாஹிர்.

"இருந்தால் எனக்குத்தானே."

மார்பளவு தண்ணீரில், கைகளைத் தலைக்கு மேல் தூக்கியபடி, கரைக்குக் கரை நடந்தார். ஒவ்வொரு அடியையும் மெதுவாக வைத்தார், சேறு கலங்காதபடி. இரண்டு துவக்குகள் அவரோடு திரும்பின. ஒன்றரை மணி நேரம். ஒரு தடவை நின்றார், எல்லோரும் நின்றோம். குனிந்து இழுத்தார். நெளிந்த தகர வாளி.

"அட, ஏ வாளி! தீவாளிக்கு முந்தி போனது!" என்று வீரம்மா கத்தினாள். சாஜனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

போகும்போது ஜவாஹிர் கிட்ட வந்தார். "இன்னொரு சாஜன் வந்தா இப்பிடி உடமாட்டான் ஐயா. எண்ணெய ஊத்திட்டு ஒரு வட்டத்தப் போடுங்க. இல்லாட்டி சும்மா வட்டத்த மட்டும் போடுங்க."

"செய்யாததைச் செய்ததெண்டு எப்பிடி எழுதுறது?" என்றார் வரதராசா. ஈரக் காலைச் சப்பாத்துக்குள் நுழைத்தார், நாடா அவிழ்ந்தே கிடந்தது. ஜவாஹிர்தான் கட்டிவிட்டார்.

அவருக்குப் பதிலாக வருபவர் எல்லாக் குளத்துக்கும் எண்ணெய் ஊற்றுகிறவர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கமலாசனி காத்திருக்கிறாள் என்பதும் தெரியும். எதை விட எது பெரிது என்று என்னால் தீர்க்க முடியவில்லை. வண்டுக்காக ஒரு பெண்ணைக் காக்க வைப்பதை நல்லது என்று சொல்ல இன்றும் என் வாய் வரவில்லை.

பெப்ரவரி இருபத்தெட்டு, வியாழன். பகல் பஸ்ஸில் அவர் புறப்பட வேண்டும். பெட்டி கட்டிக் கட்டிலில் கிடந்தது. காலையிலேயே அகப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். விடைபெறப் போகிறார் என்று நினைத்துக் கூடப் போனேன். பத்து அகப்பை அள்ளி எண்ணினார். குடம்பி இல்லை. மூச்சை விட்டார். பெயின்ற் தகரத்தைத் திறந்து, பழைய குறியின் மேலேயே புதிதாகப் புள்ளடி போட்டார்.

பிறகு தூரிகையை மறுபடி தோய்த்து, கீழே, தான் அடுத்து வரும் தேதியை எழுதினார்: மார்ச் 7.