மாறாமல் நின்ற முப்பத்து மூன்று

இரண்டு வருடங்களுக்கு முன், எங்கள் மகள் பிறந்த வாரத்தில் நடந்தது இது. நாங்கள் ஈப்போவில், குனோங் ராபாட்டில் குடியிருக்கிறோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே மனைவியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தெலுக் இந்தானுக்குக் கிளம்பினேன். பிள்ளை பெற்றவள் பந்தாங் என்கிற பிரசவப் பத்தியம் இருக்க அவள் அம்மா வீடுதான் சரி என்று இரு வீட்டிலும் முடிவாகியிருந்தது.

எனக்குப் பல நாள் தூக்கமில்லை. சுண்ணாம்பு மலைகள் பாதி பனியிலும் பாதி வெயிலிலும் நின்றன. நான் காரை ஓட்டுகிறேனா, கார் என்னை ஓட்டிக்கொண்டு போகிறதா என்றே தெரியவில்லை. பின்னால் இடது பக்கம் பிள்ளையின் இருக்கை, அதற்குப் பக்கத்தில் மனைவி. வெயில் படக்கூடாது என்று சன்னலில் ஒரு பாத்தேக் கைலித் துணியைத் தொங்கவிட்டிருந்தாள். அதன் வழியே இறங்கிய மஞ்சள் வெளிச்சம் பிள்ளையின் கன்னத்தில் அசைந்துகொண்டே வந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

பீடோரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும்போது மஞ்சள் விளக்கு எரிந்தது. பின்பக்க இடது டயரில் காற்று இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் காரில் ஒவ்வொரு டயருக்குள்ளும் ஒரு சின்ன சென்சார் உண்டு. காற்று எவ்வளவு இருக்கிறது என்று ஸ்டியரிங் முன்னால் எண்ணாகக் காட்டும். ஆனால் ஸ்பேர் டயர் கிடையாது. அதற்குப் பதில் ஒரு போத்தல் பசையும், காற்றடிக்கும் குட்டி மோட்டாரும் கொடுத்திருந்தார்கள். பசையை ஏற்றிக் காற்றடித்தேன். எண் மெல்ல ஏறி, இருக்க வேண்டிய முப்பத்து மூன்றில் நின்றது. பிரசவ அறைக்கு வெளியேகூட நான் அப்படி ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்க மாட்டேன். மனைவி இதைப் படித்தால் எனக்கு இருக்கிறது.

பசை ஏற்றியதும் உடனே கிளம்ப வேண்டும், சக்கரம் சுற்றினால்தான் அது எங்கும் பரவும் என்று போத்தலிலேயே எழுதியிருந்தது. கிளம்பியிருப்பேன். ஆனால் எதிரே, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடத்தின் எல்லையில், மாதா சொரூபம் வைத்த சின்னக் கெபி ஒன்று இருந்தது.

“பிள்ளைய மாதாகிட்ட காட்டாம போறதா?” என்றாள் மனைவி.

எனக்கும் அதுதான் முறை என்று பட்டது. மெழுகுவர்த்தி ஏற்றினோம். பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்தோம். ஜெபமாலையும் சொன்னோம். பிறகு அவள் மர நிழலில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். நான் மரத்தில் சாய்ந்து கண்ணை மூடினேன். காற்றில் செம்பனை மட்டைகள் உரசும் சத்தம், பிள்ளை பால் குடிக்கும் சத்தம், வேறொன்றும் இல்லை. அப்படியே இருந்துவிட்டால் போதும் போலிருந்தது. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது.

மறுபடி கிளம்பியபோதும் முப்பத்து மூன்று. எவ்வளவு தூரம் போனாலும் அதே முப்பத்து மூன்று.

“ஏங்க, வண்டி ஒரு மாதிரி ஆடுது?”

“அதெல்லாம் இல்லம்மா. இங்க பாரு, நம்பர் அப்படியே நிக்குது.”

எனக்கு அந்த எண்ணே மாதாவின் அருளாகத் தெரிந்தது. வேகத்தைக் கூட்டினேன்.

அப்போதுதான் பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டது. செம்பனைக் குலைகளை இறக்கிவிட்டு வரும் காலி லாரி. விளக்கை அடித்து அடித்து, ஹார்னை விடாமல் அழுத்தியதில் பிள்ளை விழித்து வீரிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையை வெளியே நீட்டி, இங்கே எழுத முடியாத ஒரு சைகையைக் காட்டினேன். போய்த் தொலையட்டும் என்று ஓரம் ஒதுங்கியும் கொடுத்தேன். லாரி முந்தியது, ஆனால் போகவில்லை. எனக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக் குறைத்து, ஆழமான பாரிட் வாய்க்காலை ஒட்டித் திரும்பும் வளைவுக்குச் சற்று முன்னால் சாலையை அடைத்து நின்றுவிட்டது.

இறங்கி வாய்க்கு வந்தபடி கத்தினேன். லாரியிலிருந்து இறங்கியவர் நம்மாள், ஐம்பது வயதிருக்கும். நேரே என் காரின் பின்சக்கரத்தைக் கை காட்டினார்.

“மொதல்ல பிள்ளைய எறக்குங்க தம்பி. அந்தப் பக்கத்து டயரு கிழிஞ்சி தொங்குதுலா.”

சுற்றிப் போய்ப் பார்த்தேன். டயர் தட்டையாகி, பக்கவாட்டில் பிளந்து, புகைந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலேதான் பிள்ளை. காருக்குள் இன்னும் முப்பத்து மூன்று. மனைவியையும் பிள்ளையையும் இறக்கினேன். அந்த வேகத்தில் வளைவுக்குள் போயிருந்தால் நேரே வாய்க்காலுக்குள்தான்.

“பிள்ளை இருக்குன்னு எப்படிண்ணே தெரிஞ்சிச்சு?”

“சன்னல்ல கைலி தொங்குச்சி. பிள்ளை இல்லாம யாரு கட்டுவா? அதான் விடல.”

மன்னிப்புக் கேட்டேன். “ஹார்ன் அடிச்சி அடிச்சி காதே அடைச்சிருச்சி, நீங்க திட்டுனது ஒண்ணும் கேக்கல தம்பி,” என்று சிரித்தார். பட்டறைக்குப் போன் போட்டு, இழுவை வண்டி வரும்வரை எங்களோடு நின்றார். அவருடைய லாரியின் நிழலில் பிள்ளை மறுபடி தூங்கிப்போனது. பெயர் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பட்டறையில் டயரைப் பிரித்துக் காட்டினார்கள். நாங்கள் நிழலில் இருந்த நேரத்தில் பசை அடியில் தேங்கி, ஆறிய கஞ்சிபோல் சென்சாரின் துளையை அடைத்திருக்கிறது. ஓட்டையும் சரியாக மூடவில்லை. காற்று போய்க்கொண்டே இருக்க, சென்சார் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

மாதாதான் அந்த அண்ணனை அனுப்பினார் என்பாள் மனைவி. இருக்கலாம். இன்றும் பின்னால் யாராவது ஹார்ன் அடித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது, ஆனாலும் வண்டியை ஓரங்கட்டி என்னவென்று கேட்கிறேன். என் சைகையையும் வசவையும் வாங்கிக்கொண்டு, விடாமல் துரத்தி வந்து நிறுத்திய ஒரு மனிதரால்தான் என் மகள் இன்று என்னை அப்பா என்று கூப்பிடுகிறாள்.