பழைய பாக்கெட்டில் போட்ட விதை

வெள்ளரி இலையில் மஞ்சள் திட்டைப் பார்த்தபோது, மதுக்கரை சிமெண்ட் ஆலைத் தூசிதான் என்று முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. பக்கத்துச் செடியில் இலை சுருண்டு, பிஞ்சு கோணிக்கொண்டு நின்றது. மொட்டைமாடியில் பத்துத் தொட்டி. ஏழில் தேமல் நோய். என் செடி போனால் போகட்டும். அதே விதையைத்தான் பெரியநாயக்கன்பாளையத்துச் சம்பந்தியம்மாவுக்கும் கொடுத்திருந்தேன்.

போன வருஷம் நோய் தாங்கும் வெள்ளரி என்று கடையில் ஒரு பாக்கெட் வாங்கினேன். தெருவில் எல்லார் வீட்டுக் கொடியும் வதங்க, என்னுடையது மட்டும் காய்த்துத் தள்ளியது. விடுவேனா? ஒரு காயைக் கொடியிலேயே பழுக்கவிட்டு விதை எடுத்தேன். மகளுக்குக் கல்யாணமான புதிதில் அவள் மாமியார் விதை கேட்டார். காகிதத்தில் மடித்துக் கொடுக்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பழைய பாக்கெட்டிலேயே போட்டு ஸ்டேப்ளர் பின் அடித்தேன். மகள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். "கடையில புதுசா வாங்கினதுங்க, நோயே அண்டாது" என்று வாய் கூசாமல் சொல்லிக் கொடுத்தேன்.

இப்போது கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஹைப்ரிட் காயில எடுத்த விதையாங்க? எல்லாச் செடிக்கும் அந்தக் குணம் வராதுங்களே. மொதல்ல புடுங்கிப் போடுங்க. பக்கத்துல புடலை, பீர்க்கன் இருந்தா அதுக்கும் பரவிப்போடும்."

சம்பந்தியம்மாவின் பந்தல் முழுக்கப் புடலைதான். அதில் ஓர் இலையைக் கிள்ள யாரையும் விடமாட்டார். மருமகளுக்கு மட்டும் ஓரமாகக் கொஞ்சம் இடம் ஒதுக்கி, வெள்ளரி உன் பொறுப்பு என்று சொல்லியிருந்தார். அந்த வீட்டில் என் மகளுக்குக் கிடைத்த முதல் இடம் அது.

மகளைக் கூப்பிட்டேன். இரண்டு தடவையும் எடுக்கவில்லை. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிவிடலாமா? வாய் அதற்கும் தயாராகத்தான் இருந்தது. சீ, என்ன பொம்பளை நான்! சம்பந்தியம்மாவையே கூப்பிட்டேன்.

"சொல்லுங்க சம்பந்தி, சாப்ட்டாச்சுங்களா?"

"ஆச்சுங்க. அந்த வெள்ளரி..."

"அதைக் காலையிலயே புடுங்கிப் போட்டமுங்க. புடலையும் நாலு கொடி போச்சு." குரல் தாழ்ந்தது. "நீங்க குடுத்த பாக்கெட் நனைஞ்சு போச்சாமுங்க. உங்க பொண்ணு பயந்துக்கிட்டு சந்தையில ஏதோ விதை வாங்கிப் போட்டுட்டாளாம். எங்கம்மாகிட்டச் சொல்லாதீங்கத்தைன்னு அழுவறா. எனக்குக் கோவந்தானுங்க. இனிமே பந்தல் பக்கம் வராதேன்னு சொல்லிப்போட்டனுங்க."

என் பொய்யைக் காப்பாற்ற என் பெண் புகுந்த வீட்டில் பொறுப்பில்லாதவள் என்ற பட்டத்தோடு நிற்கிறாள்.

"அவ மேல தப்பில்லீங்க சம்பந்தி. பாக்கெட்ல இருந்தது நானே எடுத்த விதைங்க. உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்க."

மறுமுனையில், போனைத் தள்ளிவைத்துக்கொண்டு அவர் என் மகளைக் கூப்பிடுவது கேட்டது.

"அம்மணி, பந்தலுக்கு வா. அந்த இடத்துல இனி என்ன போடறதுன்னு நீயே சொல்லு."

என்னிடம், வைக்கட்டுங்களா என்றுகூடக் கேட்காமல் போனை வைத்துவிட்டார்.